மூச்சுப்புடி எடுத்த முகூர்த்தப் படம்

தஞ்சாவூரில் மூச்சு விடுவதற்கே அனுமதி வாங்க வேண்டிய ஒரே தெரு எங்கள் தெருதான். காரணம், மூச்சுப்புடி. மின் இலாகாவில் இருந்து வாழ்நாளெல்லாம் ஊருக்கு வெளிச்சம் கொடுத்தவர், ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு கேமரா வாங்கி, இருட்டில் மட்டும் படம் எடுக்கத் தொடங்கினார். ஃபிளாஷ் என்றாலே முகம் சுளிப்பார். "மூஞ்சில டார்ச் அடிச்சுப் பாக்க அவங்க என்ன திருடங்களா சார்?" என்பார்.

ஃபிளாஷ் இல்லாவிட்டால் கேமரா கொஞ்சம் அதிக நேரம் கண் திறந்திருக்க வேண்டும். அதுவரை எடுப்பவரும் ஆடக் கூடாது, எதிரில் இருப்பவரும் ஆடக் கூடாது. எனவே யாரை எடுத்தாலும் முதலில் "மூச்சப் புடிங்க" என்று உத்தரவு போடுவார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதை ஓய்வூதியம் வழங்குபவர்கள் மட்டுமே பயன்படுத்துகிறார்கள்.

ஒருமுறை அறுவடை முடிந்த வயலில், பொழுது சாய்கிற நேரத்தில், மேய்ச்சலுக்கு வந்த வாத்துக் கூட்டத்தை எடுக்கப் போனார். நானும் உடன் போயிருந்தேன். வாத்துகள் ஒன்றுகூட நிற்கவில்லை. மேய்ப்பவரிடம், கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா என்று தன்மையாகக் கேட்டார். அந்த மனிதர் கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டு யோசித்துவிட்டுச் சொன்னார்: "வாத்து மூச்சப் புடிச்சா அது கொழம்புக்குத்தாங்க ஆவும்."

பிறகு ஆட்டத்தைத் தாங்கும் கேமரா என்று ஒன்று வாங்கினார். கை நடுங்கினால் உள்ளே ஏதோ ஒன்று எதிர்ப்பக்கம் நகர்ந்து சமன் செய்துவிடுமாம். தெருவே திரண்டு போய்ப் பார்த்தது. அப்படியானால் இனிமேல் நாங்கள் மூச்சு விடலாமா என்று எல்லோர் சார்பிலும் கேட்டேன்.

"அது என் ஆட்டத்தைத்தான் தாங்கும் சார். உங்க ஆட்டத்துக்கு நீங்கதான் பொறுப்பு."

தன் அதிகார வரம்பை இவ்வளவு தெளிவாக அறிந்த ஒன்றை, வருவாய்த் துறையில் இருந்த காலமெல்லாம் நான் சந்தித்ததில்லை.

கேமராவை நிறுத்தும் முக்காலி மட்டும் அவர் தூக்க மாட்டார். பக்கத்தில் இருப்பவரின் தோள்தான் முக்காலி. ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவர் தோளில் கேமராவை வைத்துத் தேரை எடுத்திருக்கிறார். தேர் நன்றாக வந்தது. முடிதான் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

இத்தகையவரை என் மகள் கல்யாணத்துக்கு விருந்தாளியாக மட்டுமே அழைத்திருந்தேன். படத்துக்கு ஸ்டுடியோக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தேன். ஏனெனில் என் வீட்டில் தாலி கட்டும் படம் என்பது சாதாரண விஷயமல்ல. எங்கள் கல்யாணத்தில் சரியாக அந்த நேரத்தில் படக்காரருக்கு ஃபிலிம் தீர்ந்துபோனது. அன்றிலிருந்து என் மனைவி அதை என் குற்றமாகவே பாவித்து வருகிறாள். மகளுக்காவது அந்த ஒரு படம் வேண்டும். வேறு எது வராவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லியிருந்தாள்.

கல்யாணம் என் மனைவியின் ஊரில், சிவன் கோயிலில். உள்ளே ஃபிளாஷ் கூடாது என்பது விதி. அதை நான் ஸ்டுடியோக்காரருக்கு இரண்டு முறை படித்துக் காட்டியிருந்தேன். அவர் இரண்டு முறையும் தலையாட்டிவிட்டு, பெரிய விளக்குகளோடு வந்து இறங்கினார். குருக்கள் அவற்றை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார். விளக்கில்லாமல் அவர் எடுத்துப் பார்த்த படத்தில் மாப்பிள்ளையின் பல் மட்டும் தெரிந்தது. என் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை.

"மூச்சுப்புடி சாரைக் கூப்பிடுங்க" என்றாள்.

தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு எழுந்து நின்ற என் தோளில் கேமரா வந்து அமர்ந்தது. கெட்டிமேளம் முழங்கியது. மூச்சுப்புடி உத்தரவு போட்டார். மாப்பிள்ளை மரியாதை தெரிந்த பையன். முடிச்சைப் பாதியில் நிறுத்தி, மூச்சையும் நிறுத்திவிட்டார். தவில்காரர் வேர்க்க வேர்க்க அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கறேள் மாப்பிள்ளை, கட்டுங்கோ" என்று குருக்கள் பதறினார்.

அப்போது என் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் மூச்சைப் பிடித்திருந்தேனா என்று எனக்கு நினைவில்லை. கேமரா மட்டும் காதருகே சத்தம் போட்டது.

மறு வாரம் படத்தோடு வந்த மூச்சுப்புடி என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"ஆடிடுச்சு சார்."

"உங்க கையா?"

"உங்க தோளு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கேமரா சின்ன நடுக்கத்தைத் தாங்கும். அழுகையத் தாங்காது."

நான் அழுதேன் என்பதற்கு எங்கள் வீட்டில் அதுவரை எந்த ஆதாரமும் கிடையாது. என்ன சொல்லலாம் என்று நான் யோசிப்பதற்குள் அவர் உள்ளே போய், என் மனைவியிடம் படத்தைக் கொடுத்துவிட்டார்.

"என் கை ஆடிடுச்சும்மா. வயசாச்சு" என்றார். கை ஆடாது என்பதைத் தவிர வேறு பெருமை எதுவும் இல்லாத மனிதர்.

படத்தில் எல்லாமே இரண்டிரண்டாக இருந்தன. மாப்பிள்ளைக்கு இரண்டு முகம், என் மகள் கழுத்தில் இரண்டு தாலி. என் மனைவி இரண்டாவது தாலியை விரலால் தொட்டாள்.

"ஒண்ணு எனக்குன்னு வெச்சுக்கறேன்" என்றாள். படம் கூடத்தில் மாட்டப்பட்டது.

இப்போது தெருவில் அவரைக் கை நடுங்கும் ஆள் என்கிறார்கள். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறார், மறுப்பதில்லை. சாயங்காலம் அவர் கேமராவோடு என் பக்கம் திரும்பினால், கேட்பதற்கு முன்பே தோளைக் கொடுத்துவிடுகிறேன்.