திரும்பிப் போவார்கள் என்பதற்கு அத்தாட்சி

வார்டோ,
வடக்கு நார்வே,
ஜூன் 9, செவ்வாய்க்கிழமை

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய போர்கில்ட் அக்காவுக்கு,

தம்பி அர்ன்ஃபின் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி குன்வோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி, பெர்கனில் மழை விட்டதா என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும், விசாரித்ததாகவே வைத்துக்கொள். நம் ஊர்ப் பத்திரிகையில் “வார்டோவில் புத்தியுள்ள எவரும் தங்க மாட்டார்” என்று என் பெயர் போட்டு வந்த கடிதத்தை யாரோ உனக்கு அனுப்பி வைத்ததாகவும், “அவனுக்கு மூளை கலங்கிவிட்டதா?” என்று நீ கேட்டதாகவும் அறிந்தேன். கலங்கவில்லை. எழுதியதும் நான்தான். ஏன் எழுதினேன் என்று முதலிலிருந்து சொல்கிறேன், காபி ஊற்றிக்கொண்டு உட்கார்.

என் மகன் ஐவின்டுக்கும் அராபாவுக்கும் ஜூன் 27 கல்யாணம் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பெண் இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸாக வந்து நான்கு வருடம் ஆகிறது, அந்த நான்கு வருடமும் பெற்றவர்களைப் பார்க்கவில்லை. அவர்கள் இருப்பது கானாவில், எல்மினா என்ற கடற்கரை ஊரில். அப்பா எக்கோ பைன்சில் மீன்பிடிப் படகுகள் வைத்திருக்கிறார், அம்மா எஃபுவா மீன் வியாபாரம் செய்கிறார். கல்யாணத்துக்கு அவர்கள் வர விசா வேண்டும், விசாவுக்கு இங்கிருந்து ஒருவர் அழைப்புக் கடிதம் தர வேண்டும் என்றதும், “நான் எழுதுகிறேன்” என்று முந்திக்கொண்டேன். துறைமுகப் படகில் முப்பத்தெட்டு வருடம் என்ஜின் பார்த்தவனுக்கு ஒரு படிவம் என்ன பெரிய காரியம் என்ற நினைப்பு. உட்கார்ந்து படித்தால், வந்து பார்த்துவிட்டுப் போக ஒரு விசா, வேலை செய்ய வேறு, குடும்பத்தோடு சேர்ந்து குடியேற வேறு. குடியேற வருகிறவர் இந்த நாட்டோடு தனக்கு எவ்வளவு ஒட்டுதல் என்று காட்ட வேண்டும். பார்க்க வருகிறவரோ தன் நாட்டை விட்டு ஒரு மாதம்கூட இருக்க முடியாது என்று காட்ட வேண்டும். இந்தக் கடைசி விஷயம் பதினோராம் பக்கத்தில் இருந்தது. நான் ஒன்பதாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன்.

ஆகவே மார்ச் மாதம் மனசாரக் கடிதம் எழுதினேன், மூன்று பக்கம். எங்கள் வீடு பெரியது, மாடி அறை காலியாக இருக்கிறது, எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம், அவர்களை அனுப்பவே எங்களுக்கு மனம் வராது என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். இங்கே மீன் பதப்படுத்தும் ஆலையில் ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள், திரு. எக்கோ போன்ற கடல் தெரிந்த மனிதர் இந்த ஊருக்குப் பெரிய வரமாக இருப்பார் என்றும் சேர்த்தேன். மரியாதைக்காக எழுதியது அக்கா, சத்தியமாக மரியாதைக்காக.

ஏப்ரலில் பதில் வந்தது. விண்ணப்பதாரர்கள் குறித்த காலத்தில் நாடு திரும்புவார்கள் என்று நம்பப் போதிய அத்தாட்சி இல்லை, விசா மறுக்கப்படுகிறது. அராபா எங்கள் சமையலறையில் நின்றபடியே, அவள் அப்பா அனுப்பியதைத் தன் போனில் படித்தாள். அடுப்பில் வாஃபிள் அப்பம் கருகுகிற வாசனை வந்தும் யாரும் நகரவில்லை. அவள் அழவில்லை. “எங்கப்பா உங்க படகுக் கொட்டகையில ஒளிஞ்சுக்குவார்னு நெனைக்கிறாங்களா, மாமா?” என்று மட்டும் கேட்டாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குன்வோர் என் கடிதத்தின் நகலை எடுத்துப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“சம்பந்தியைக் கல்யாணத்துக்குக் கூப்பிடச் சொன்னா, ஆலையில வேலைக்குச் சேர்த்துவிட்டிருக்கீங்களே! ஓய்வூதியத்துக்கும் ஏற்பாடு பண்ணியாச்சா?”

அன்றே எக்கோவுக்குப் போன் செய்தேன். என் கப்பல்கார ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கடற்கரையில் நின்றிருந்தார் போல, பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

“சம்பந்தி, எனக்கு ரெண்டு படகு இருக்கு. என்னை நம்பி இருபத்திமூணு பேர் கடலுக்குப் போறாங்க. ஞாயித்துக்கிழமை தேவாலயத்துல என் பெஞ்சுல வேற ஒருத்தன் உக்காரமாட்டான். இதையெல்லாம் விட்டுட்டு உங்க ஊர்ல வந்து நான் எதுக்கு ஒளியணும்? என் பொண்ணு கல்யாணத்துல நிக்கணும்னு கேட்டேன். திருடனுக்கு அனுப்பற மாதிரி பதில் அனுப்பறாங்க.”

“தப்பு என்னுது” என்றேன்.

“உங்க கடிதம் நல்ல கடிதம். எஃபுவா அதை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டா. ஆனா அடுத்த தடவை கொஞ்சம் மோசமா எழுதுங்க.”

அதுதான் அக்கா, அந்த மனிதர் சொன்னதைத்தான் செய்தேன். மே மாதம் அவர் படகுப் பத்திரங்கள், போதகரின் கடிதம், படகில் எல்லாரும் நிற்கிற படம் எல்லாம் சேர்த்து மறுபடி விண்ணப்பித்தார். நான் இந்த முறை உண்மையை எழுதினேன். இந்த ஊரில் மரம் கிடையாது, நட்டாலும் காற்று பிடுங்கிவிடும். ஜூனிலும் பனி விழும். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எட்டிப் பார்க்காது. புயல் வந்தால் சாலையை மூடிவிடுவார்கள், பக்கத்து ஊர்ப் பல்மருத்துவரிடம் போக மூன்று முறை கிளம்பி மூன்று முறையும் அதே பல்லோடு திரும்பினேன். தெருவில் பாதி வீடுகள் காலி. நானே நான்கு முறை ஊரை விட்டுக் கிளம்ப நினைத்தேன், குன்வோர் வர மறுத்ததால் இருக்கிறேன். புத்தியுள்ள எவரும் இங்கே குறித்த நாளுக்கு மேல் ஒரு மணி நேரம்கூடத் தங்க மாட்டார் என்று முடித்தேன். கையெழுத்துக்குச் சாட்சி வேண்டுமே என்று நகராட்சி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருக்கிற ஓட்னி அதை வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள். “பஸ்ஸைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே” என்று தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தாள். வரிசையில் நின்ற ஒருவர் மீன் வாடையை விட்டுவிட்டேன் என்றார், அதையும் சேர்த்தோம். அதற்குள் இன்னொருவர் போனில் படமெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். இப்போது ஊருக்குச் சுற்றுலாப் பயணிகளை வரவழைக்கப் பாடுபடுகிற குழுவினர் என்னோடு பேசுவதில்லை. கடையில் ரொட்டி தருகிற பெண், “இவ்வளவு மோசமான ஊர்ல ரொட்டி மட்டும் ருசிக்குமா?” என்று கேட்டுவிட்டுத்தான் தருகிறாள்.

போன வியாழக்கிழமை விசா அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டார். குரலில் சிரிப்பு இருந்ததா, கோபமா, என்னால் பிடிக்க முடியவில்லை.

“உங்க ரெண்டு கடிதமும் என் முன்னால இருக்கு. எது உண்மை?”

“ரெண்டும்தான்” என்றேன்.

“சரி. இப்படிப்பட்ட ஊருக்கு, இவ்வளவு தூரம், அவங்க ஏன் வரணும்?”

இதற்கு எந்தப் பக்கத்திலும் பதில் படித்ததாக நினைவில்லை. குன்வோர் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். “அவங்க பொண்ணு இங்க இருக்கா” என்றேன். அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது, பிறகு, “நல்லது, வணக்கம்” என்று வைத்துவிட்டார்.

நேற்று விசா கிடைத்துவிட்டது! இருபது நாள்! அராபா இல்லத்துச் சீருடையோடு ஓடி வந்து குன்வோரைக் கட்டிக்கொண்டு அழுதாள், மறுத்தபோது அழாததையும் சேர்த்து. எக்கோ போனில் ஏதோ பாட்டே பாடினார். எஃபுவா அம்மாள், குளிருக்கு எத்தனை கம்பளிச் சட்டை வேண்டும் என்று கேட்டார். என் கடிதம் அவரையும் பயமுறுத்தியிருக்கிறது. ஆகவே நீ கட்டாயம் வர வேண்டும். பத்திரிகையைத் தூக்கிப் போடு. மாடியில் அவர்கள், உனக்குக் கீழே கடலைப் பார்த்த அறை. இருபது நாள் முடிந்ததும் அவர்களைப் பத்திரமாக விமானம் ஏற்றி அனுப்புவேன் என்று அரசாங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அந்தப் பொறுப்பை நிறைவேற்றிவிட்டால் என் வாழ்க்கையில் கவலை என்று ஒன்று இல்லை. பிள்ளைகள் இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக் குடியிருப்பார்கள், நாங்கள் நிம்மதியாகக் கிழடாவோம்.

உன் முழங்காலுக்கு நல்ல காலம் பிறக்கட்டும். மைத்துனருக்கு என் வணக்கம். குன்வோர் முத்தங்கள் அனுப்புகிறாள், இங்கத்துச் சதுப்பில் பறித்த மேகப்பழ ஜாமும் அனுப்புகிறாள், வழியில் கவிழாமல் இருக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
அர்ன்ஃபின்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஐவின்ட் வந்தான். வந்தவன் உட்காரவில்லை. “அப்பா, பத்திரிகையில வந்த உங்க கடிதத்தை மறுபடி படிச்சேன். எல்லாமே சரியாத்தான் எழுதியிருக்கீங்க” என்றான். எக்கோவின் படகுகளுக்கு என்ஜின் பார்க்க ஆள் வேண்டுமாம், எல்மினா மருத்துவமனையில் அராபாவுக்கு இடம் இருக்கிறதாம். கல்யாணம் முடிந்து பெரியவர்கள் திரும்பும்போது இவர்களும் கூடவே போகிறார்களாம். அங்கே இவனுக்கு வேலை அனுமதி வாங்குவதா, மனைவி வழியில் குடியேறுவதா என்று மேசை முழுக்கப் படிவங்களைப் பரப்பி வைத்திருக்கிறான். இரண்டு பேர் திரும்பிப் போவார்கள் என்று நான் உறுதி கொடுத்தேன் அக்கா, நான்கு பேர் போகிறார்கள். குன்வோர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அங்க சும்மா பாக்கப் போறவங்களுக்கு எத்தனை நாள் குடுப்பாங்கடா?” என்று கேட்டாள்.