காத்தரிடம் வாங்கிய ஏச்சு

ஏ-ஒன்பது வீதியில் காத்தரைவிடக் கோபக்காரர் ஒருவர் இருந்தால், அவர் காத்தரிடம் வாகனத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவராகத்தான் இருப்பார்.

மாங்குளம் சந்தியிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டில். வாசலில் பலகை: 'வாகன ஏசி, காற்றுக் கோளாறு பார்க்கப்படும். ஆலோசனை ஏற்கப்படாது.' காத்துப் பார்க்கிறவர் என்பதால் காத்தர்; அவருடைய சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. அங்கே வாகனத்தின் நோயை மட்டும்தான் சொல்லலாம், காரணம் சொல்லக் கூடாது. "காஸ் முடிஞ்சிட்டுது போல" என்று வாய் தவறிச் சொன்ன வங்கி அதிகாரியின் கையில் ஸ்பானரைத் திணித்து, "அப்ப நீங்களே பாருங்கோ" என்று விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இன்னொருவர் கண்டாவளைக்காரர், புது வாகனம் அழுக்காகக் கூடாதென்று உள்ளே முன்பலகை முழுவதும் துவாய் விரித்திருந்தார். அதை உருவி அவர் தோளிலேயே போட்டார் காத்தர். "காத்துவாற ஓட்டையை மூடிப்போட்டு இஞ்ச ஏன் வந்தனீங்கள்? போய்க் குளியுங்கோ!"

நான் போனது மனைவியின் மூச்சிழுப்பு நோயால். மாதம் ஒருமுறை ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அவளைக் கொண்டுபோக வேண்டும். கார்க் கண்ணாடியை இறக்கினால் புழுதி, ஏற்றினால் புழுக்கம். இரண்டு கராஜ்காரர்கள் ஆளுக்கொரு தடவை காஸ் அடித்தார்கள். ஒரு மண்ணும் நடக்கவில்லை. அன்று மாங்குளம் வருவதற்குள் அவள் இரண்டு முறை வாயில் மருந்துப் பம்ப் அடித்துவிட்டாள். எனக்கு உச்சந்தலை வரை ஆத்திரம். காரை நேரே காத்தரின் கொட்டிலுக்குள் விட்டேன்.

"அண்ணை, ஏசி காஸ்…"

"நான் உங்களைக் கேட்டனானோ?"

மனைவியை இறக்கி நிழலில் கதிரை போட்டு இருத்தினார். நானும் இறங்கப் பார்த்தேன்.

"நீர் இரும். கண்ணாடியை ஏத்தும். இதுக்குள்ள அவா எப்பிடி இருந்தவா எண்டு தெரியட்டும்."

பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பத்திரிகையில் ஒரு கீலம் கிழித்து, காற்று வரும் துவாரத்தின் முன் பிடித்தார். விசையை ஒன்றிலிருந்து நாலு வரை திருப்பினார். இரைச்சல் கூடியது, கடதாசி அசையவில்லை. என் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. மனுசனின் கழுத்தைப் பிடித்தால் என்ன என்று தோன்றியது.

"சத்தம் கூடுது, காத்துக் கூடேல்லை. மோட்டர் நல்லாக் கிடக்கு, வழிதான் அடைச்சிருக்கு. குளிர் வேற, காத்து வேற. காத்தே வராத காருக்கு எந்த விசரன் காஸ் அடிச்சவன்?"

முன் இருக்கைக்கு நேரே இருந்த சாமான் லாச்சியைக் கழற்றி உள்ளேயிருந்து வடிகட்டியை இழுத்தார். கன்னங்கரேலென்று இருந்தது. அதில் அழுகிய செவ்வரத்தம்பூ இதழ்கள், கட்டிகட்டியாகத் திருநீறு.

"ஆர் இதுக்குள்ள பூசை செய்தது?"

நான்தான். வெள்ளிதோறும் கோயிலிலிருந்து வந்து, அவளுடைய இழுப்பு மாற வேண்டுமென்று வெளியே முன்கண்ணாடியின் அடியில் பூ வைத்து, ஒரு பிடி திருநீறும் தூவுவேன். காருக்குள் காற்றை இழுக்கும் வழி அங்கேதான் இருக்கிறதென்று எனக்கு யார் சொன்னார்கள்? அவளுக்கு மூச்சு வர வேண்டுமென்று கும்பிட்டுக் கும்பிட்டு, வந்த மூச்சையும் நானே அடைத்திருக்கிறேன். அதுவரை ஊரார் எல்லார் மேலும் இருந்த கோபம் அப்படியே என் மேல் திரும்பியது.

மனைவி நிழலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இஞ்சாருங்கோ, இனி எனக்காண்டிப் பூ வைக்காதேங்கோ" என்றாள்.

"வைக்கட்டும் தங்கச்சி" என்றார் காத்தர். "டிக்கியில வைக்கட்டும்."

புது வடிகட்டி போட்டு, வழியெல்லாம் துப்புரவாக்கி, அவளை ஏற்றிக் கண்ணாடியை மூடச் சொன்னார். கடதாசிக் கீலம் படபடவென்று அடித்தது. அவள் சீராக மூச்சு விடும் வரை அந்த மனுசன் கதவடியை விட்டு அசையவில்லை. அன்று வவுனியா போய்ச் சேரும் வரை அவள் பம்பைத் தொடவில்லை.

சென்ற மாதம் கிளினிக்குக்குப் போகும் வழியில் பார்த்தால் கொட்டில் பூட்டியிருந்தது. காய்ச்சலாம், ஒரு கிழமையாகப் படுக்கையாம். விசாரித்து வீட்டுக்குப் போய், "ஒரு சொல்லுச் சொல்லாமல் இப்பிடியே படுக்கிறது?" என்று கத்தினேன். அவர் எழும்பியிருந்து அரைக் கோப்பை கஞ்சி குடிக்கும் வரை எனக்கு ஆத்திரம் அடங்கவேயில்லை.