செம்புக்குச் சூடு ஆகாது

இந்த ஆண்டும் தோமையார் திருநாளில் வெள்ளைச் செர்ரிப் பாகு ஒரு கரண்டியாவது சாப்பிட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

செர்பியாவில், எங்கள் நீஷ் நகரில், வீட்டுக்கு வீடு ஒரு புனிதர். எங்களுக்குத் தோமையார். தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாதவர். அவருக்கு விளக்கேற்றுவது நான். அவர் வழியில் நடப்பது என் மனைவி ராதொய்கா.

அன்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் முதலில் ஒரு கரண்டிப் பாகு, ஒரு தம்ளர் தண்ணீர். சர்க்கரை நோயாளியான எனக்குத் தண்ணீர் மட்டும். அதற்கும் அவள் ஒரு சலுகை வைத்திருந்தாள். காலையில் விரலைக் குத்திச் சோதிப்பாள். இங்கே மில்லிமோல் கணக்கு; ஏழுக்குக் கீழே வந்தால் கரண்டி உண்டு.

இரண்டு வருடமாக நான் அந்த ஏழு என்ற எண்ணைத் தாண்டியதில்லை. காரணம் எளிது. சோதனைப் பட்டையில் ஒரு நொதி தடவியிருக்கும். சூடு பட்டால் அது செத்துப்போகும். செத்தது குறைத்துச் சொல்லும். பட்டை டப்பாவை அடுப்பின் புகைக்குழாய்க்குப் பின்னால் வைத்து எடுப்பேன். அவ்வளவுதான்.

"ஏன்யா, ஆறுன்னு காட்டுது. ஆனா கூஜா கூஜாவா தண்ணி குடிக்கிறே?"

"மிளகாய்க் காரம்."

"நம்ம மிளகாயில ஏதுய்யா காரம்?"

போன மாதம் அவள் தங்கை மகள் சென்கா வந்தாள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. கையில் ஒரு சின்னப் பெட்டி, விரல் நீளத்துக்கு ஒரு செம்புத் தகடு.

"பெரியப்பா, இதுல நொதியே கிடையாது. சோடாக் காரம் கலந்த தண்ணில ஒரு துளி ரத்தம் விட்டு இதை முக்கினா, சர்க்கரையைச் செம்பே நேராப் பிடிச்சிடும். பெட்டி எண்ணைச் சொல்லிடும்."

"சாகிறதுக்கு அதுல எதுவுமே இல்லையா?"

"எதுவுமே இல்ல."

என் கரண்டி கைநழுவிப் போவது தெரிந்தது.

சென்கா போனதும் ராதொய்கா என் காதருகே வந்தாள்.

"ஒரே ஒரு குறைதானாம். சூடு ஆகாதாம். அடுப்புப் பக்கமே போகக் கூடாதாம். நீ தொட்டுடாதே."

தோமையாருக்கு அப்போதே இன்னொரு விளக்கேற்றினேன்.

இலையுதிர் காலத்தில் குடைமிளகாய் சுடுவது வீட்டில் என் வேலை. விறகடுப்பின் தகட்டில் மிளகாய்களை வரிசையாக அடுக்கினேன். நடுவில் செம்பை ஒளித்தேன். முள்கரண்டியால் திருப்பித் திருப்பிப் போட்டேன். மயில் கழுத்து நிறம் வந்தது. பிறகு கருத்தது. திருட்டு வேலைதான், அதற்காக ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் வேகாமல் விட என் மனம் ஒப்பவில்லை.

ராதொய்கா எட்டிப் பார்த்தாள்.

"ஒரே சீரா சுடு."

"எதை?"

"மிளகாயைத்தான்யா. வேற என்ன இருக்கு அங்க?"

ஆறவைத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். மறுநாள் அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அப்படியே திருப்பி வைத்துவிட்டுப் போனாள். பாவம், கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திருநாளுக்கு முந்தின மாலையே, வெற்றி உறுதி என்பதால், முன்பணமாக மூன்று கரண்டி பாகு எடுத்துக்கொண்டேன்.

திருநாள் காலையில், விருந்துக்கு வந்திருந்த சென்காவே சோதித்தாள்.

"பதினாலு புள்ளி எட்டு, பெரியப்பா."

"இருக்காது! சூடு பட்டுக் கெட்டிருக்கும்!"

"சூடு எப்படிய்யா பட்டிருக்கும்?" என்றாள் ராதொய்கா.

நான் தோமையார் படத்தைப் பார்த்தேன். அவர் உதவவில்லை.

சென்கா தகட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். "அடேயப்பா! எங்க உலையிலகூட இவ்வளவு சீரா கருக்காதே! வெறும் செம்பு சர்க்கரையை அரைகுறையாத்தான் பிடிக்கும். கருத்தாத்தான் அதுக்குக் கண்ணே திறக்கும். ஒரு மணி நேரம் அடுப்புல புரட்டணும்னு சொன்னேனே, நீங்களா பெரியம்மா செஞ்சீங்க?"

ராதொய்கா என் கையில் தண்ணீர்த் தம்ளரைக் கொடுத்தாள்.

"எனக்கு ஏதுடி அவ்வளவு பொறுமை? சூடே ஆகாதுன்னு உங்க பெரியப்பாகிட்ட சொல்லி வச்சேன். மனுஷன் அடுப்பை விட்டு நகரலையே!"