கல்வாரிக்குப் போன கள்ளிச் சட்டிகள்

மக்டலீன் ஓரா மீனுக்கு முள்ளு வெட்டிக்கொண்டிருந்தாள். உயிர்த்த ஞாயிறுப் பூசை முடிந்து வந்த கையோடு குந்தினவள். புருசன் கிறகோரி கோயிலில் இருந்த தன் கள்ளிச் சட்டிகளைத் திருப்பி எடுத்துவர ஓடியிருந்தான். அந்த ஓட்டத்தை நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஓரா வெட்டும்போது சிரித்தால் முள்ளு விரலில் ஏறும். அடக்கிக்கொண்டாள்.

எல்லாம் சின்னவளின் இழுப்பால் வந்தது. தகப்பனின் சுருட்டுப் புகை வீட்டுக்குள் வந்தால் பிள்ளைக்கு மூச்சு வாங்கும். விபூதிப் புதனன்று கோயில் வாசலில் நின்று, ஊர் கேட்க அவன் சத்தியம் பண்ணினான்:

"தபசுகாலம் முடியமுன்னம் ஒரு சுருட்டுப் பத்தினாலும், வருசம் முழுக்கக் குழாயடியிலை பொம்பிளையளோடை நிண்டு நானே தண்ணி பிடிப்பன்!"

குருநகர்க் குழாயடியில் வாய் கொடுத்துத் தப்பிய ஆம்பிளை இன்னும் பிறக்கவில்லை.

அடுத்த நாளே ஆள் கள்ளி வளர்க்கத் தொடங்கினான். கடலுக்குப் போகத் தடை, கை சும்மா இருக்குதாம். பால்மாத் தகரப் பேணியைக் கவிழ்த்து, மேலே சீமெந்து அப்பி, தானே சட்டி செய்தான். பூவரசம் இலையை அழுத்திப் பூவேலை வேறு. கரையோரப் பற்றைக்காட்டில் நாகதாளி, கத்தாளை, பேர் தெரியாத குண்டுக் கள்ளி எல்லாம் கிண்டி வந்து நட்டான். ஒரு கிழமையில் ஆறு சட்டி.

"கிட்டப் போகாதை, முள்ளுக் குத்தும்."

"தண்ணி விடட்டோ?"

"கள்ளிக்கு என்னத்துக்கடி தண்ணி? நான் பாத்துக்கொள்ளுறன்."

கலியாணம் முடித்து நாலு வருசத்தில் ஒரு வெண்டிக் கன்றைக்கூடத் திரும்பிப் பாராத மனிசன்!

மக்டலீன் கலியாணத்துக்கு முந்தி சந்தையில் மீன் விற்றவள். கூச்சத்தில் விலையைக்கூட விரலால்தான் காட்டுவாள். ஆனால் தராசு தேவையில்லை, கையில் தூக்கினால் நிறை சொல்லுவாள். அவன் தலைமயிர் வெட்டப் போன நேரம் ஒரு சட்டியைத் தூக்கினாள். இவ்வளவு மண்ணுக்கு இந்த நிறை காணாது. சரித்துப் பார்த்தாள். அடி ஓட்டையில் துணி அடைத்திருந்தது. இழுத்தாள். உள்ளே குப்புற வைத்த சிரட்டை. அதற்குள் மூன்று சுருட்டு, கட்டின நூல்கூட அவிழ்க்கவில்லை. ஆறு சட்டியிலும் பதினெட்டு.

அவள் நேரே சுவாமியாரிடம் போய் இரண்டே வசனம் சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிறு விடிய, கிறகோரி எழும்புமுன்பே சட்டிகளைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டாள். பூசையில் சுவாமியார் அறிவித்தார்: "பீடத்தடியில் கல்வாரி மலை கட்டுவதற்குக் கிறகோரி ஆறு கள்ளிச் சட்டி தந்திருக்கிறார். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இங்கேயே இருக்கும்."

சனம் திரும்பிப் பார்த்தது. கிறகோரி எல்லாருக்கும் தலையை ஆட்டினான். உள்ளே சுருட்டு இருக்கு என்று சொல்லவா முடியும்?

பிறகென்ன, பின்னேரத்துக்குப் பின்னேரம் கல்வாரி மலைக்கு முன்னால் முழங்காலில் நின்றான். அவன் பக்தியைப் பார்த்து ஊர் மூக்கில் விரல் வைத்தது.

"எங்கை வெளிக்கிட்டியள்?"

"சட்டிக்குத் தண்ணி விட."

"கள்ளிக்கு என்னத்துக்குத் தண்ணி?"

உண்மையில் அங்கே சுருட்டு இருக்கவில்லை. கோயிலுக்குள் சுருட்டு வைக்கலாமோ? சட்டிகளைக் கொடுக்குமுன்பே மக்டலீன் பதினெட்டையும் எடுத்து, அவன் தலையணையைப் பிரித்துப் பஞ்சுக்குள் வைத்துத் தைத்துவிட்டாள்.

"மக்டலீன், கண்ணை மூடினால் சுருட்டு மணக்குதடி. பிசாசின்ரை சோதனை."

"செபமாலை சொல்லிப்போட்டுப் படுங்கோ."

சின்னவளோ இப்போது விடியுமட்டும் இருமாமல் நித்திரை.

வேலிப் படலைச் சத்தம் கேட்டது. கிறகோரி தள்ளுவண்டிலில் சட்டிகளோடு வந்தான். ஒவ்வொன்றாய்ச் சரித்தான். வெறுஞ்சிரட்டை. வெறுஞ்சிரட்டை. நாகதாளி கையில் ஏறியதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

"இதுக்குள்ளை ஒரு சாமான் வைச்சனான்..."

"சத்தியம் பண்ணின கையாலையோ?"

"நான் ஒண்டுகூடப் பத்தேல்லை! எங்கையடி அது?"

"எங்கையும் போகேல்லை. முப்பது இரவாய் நீங்கள் தலையை வைச்சு..."

"மக்டலீன்! தண்ணி வந்திட்டுது, குடத்தோடை ஓடி வா!" பக்கத்து வீட்டு லூர்த்தம்மா வேலிக்கு மேலால் கூப்பிட்டாள்.

மக்டலீன் கையைக் கழுவினாள். ஒரு குடத்தை இடுப்பில் வைத்தாள். மற்றதை அவன் கையில் கொடுத்தாள்.

"நடவுங்கோ. மிச்சத்தைக் குழாயடியிலை, எல்லாருக்கும் முன்னாலை வைச்சுச் சொல்லுறன்."