ஆபத்துதவி அட்டை

இனிமேல் இந்த வீட்டில் என்னை யாரும் அசைக்க முடியாது என்று முடிவு செய்தேன். காரணம், என் கழுத்தில் தொங்கிய கார்டு.

ஓசூர் சிப்காட்டில் கியர் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. தீப்பிடித்தாலோ, யாராவது மயங்கி விழுந்தாலோ முதலில் உதவிக்கு ஓட வேண்டிய எங்கள் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, சிவப்புப் பட்டை போட்ட அடையாள அட்டையும் கொடுத்தார்கள். போட்டோவில் நான் போலீஸ் தேடும் ஆள் மாதிரி இருந்தேன். பரவாயில்லை. கீழே ‘எமர்ஜென்சி ரெஸ்பாண்டர்’ என்று இருந்ததே!

வரும் ஞாயிறு பேரிகையில் மச்சான் ஜெகதீஷின் குழந்தைக்குக் காதுகுத்து. என் மாமனார் கிருஷ்ணப்பன் வாயைத் திறந்தால் அந்த ஊருக்கு ஏன் பேரிகை என்று பெயர் வந்தது என்பது புரியும். எனக்கோ அன்றைக்கு நண்பன் அற்புதராஜ் வீட்டில் டிவியில் கிரிக்கெட் மேட்ச். கூடவே பிரியாணி.

“ஏங்க, ஞாயித்துக்கிழமை காலைல மொத பஸ்ஸுக்கே போயிரலாம்,” என்றாள் என் மனைவி பொற்கொடி.

கார்டைத் தூக்கிக் காட்டினேன். “இது இருக்கறவன் ஓசூர் எல்லையத் தாண்டக் கூடாது.”

“லீவு நாள்லயுமா?”

“தீ லீவு பாத்தா வரும்?”

“அதுவும் சரிதான். உசுரு சமாச்சாரம்.”

சண்டையில்லை, சாபமில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

ஞாயிறு காலை. கம்பெனிக்கு ஒரு எட்டு போய்வருவதாகச் சொல்லிக் கதவைத் திறந்தேன். வாசலை அடைத்து நின்றது வேன். வாழைத்தார், பாத்திரங்கள், ஆசாரி, குழந்தை, ஒட்டுமொத்தப் பேரிகை!

“என்னடி இது?”

“நீங்க எல்லை தாண்டக் கூடாதாமே. நீங்க இல்லாம விசேசமான்னு அப்பா கண்ணு கலங்கிட்டாரு. அதான் எல்லாத்தையும் இங்கயே மாத்திட்டோம்.”

“எனக்குக் கம்பெனியில அவசர வேலை…”

“கவலப்படாதீங்க. கூப்பிட்டா வேன்லயே கொண்டு போய் விட்ருவாங்க.”

உள்ளே மேளம். குழந்தை வீறிட்டது. சமையலுக்கு வெங்காயம் உரிக்க உட்காரவைத்தார்கள். பக்கத்தில் கண்ணீரோடு இன்னொருவர் உரித்துக்கொண்டிருந்தார். அற்புதராஜ்!

“உன் வீட்டுக்காரம்மாதான் கூப்பிட்டாங்க. மேட்ச் இங்கதான்னாங்கப்பா,” என்றான் பரிதாபமாக.

சாப்பாடு முடிந்ததும் மாமனார் என் கார்டைக் கையில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“மாப்ள, இது மூணு வருசம் செல்லுமாமே! அப்ப தீபாவளி, பொங்கல் எல்லாம் இனி இங்கதான்!”