ஊர் பெயர் எழுதிய மண் பொட்டலங்கள்

தான் ஒரு கலைஞன் என்று ஒருவன் தானாகவே முடிவு செய்துகொண்டால், அவனிடம் யார் பேசியும் பிரயோஜனமில்லை. பத்தொன்பது வயதில் நான் அந்த முடிவுக்கு வந்திருந்தேன். கடை வர்ணங்கள் எனக்கு மட்டம். (வாங்க வழியில்லை என்பதை அப்போது கொன்றாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.)

சித்தூர் ஜில்லா முழுக்க பஸ்ஸிலும் சைக்கிளிலும் அலைந்து மண் எடுத்தேன். குடுபல்லியில் செம்மண். வரதய்யபாளையத்தில் கிணறு வெட்டிய இடத்தில் வெளுத்த மண். பிச்சாட்டூர் ஆற்றங்கரையில் மஞ்சள். இடித்துக் கரைத்து, நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) வேட்டியில் வடிகட்டிக் காயவைத்தால் பட்டுப் போல பொடி கிடைக்கும். அதில் வேலம்பிசின் கலந்து வரைவேன்.

மெட்ராஸிலிருந்து ஒரு ஓவியர் திருப்பதிக்கு வருகிறார், தன் பள்ளிக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். பொட்டலங்களில் ஊர் பெயர்களைத் தமிழில் எழிலாக எழுதிக்கொண்டு கிளம்பினேன். என்னைத் தனியாக அனுப்ப நம்பிக்கை இல்லாமல் நைனாவும் கூட வந்தார்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்த ஊர் யாருக்கு என்று எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த நேரம். புத்தூர் தாண்டியதும் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி, என் பையைக் கவிழ்த்தது. பஸ்ஸைக் காத்து நிற்கவைத்துவிட்டு, பக்கத்து ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள்.

"ஏமிரா இதி?" என்றார் ஹெட் கான்ஸ்டபிள்.

"மண்ணு சார். படம் வரையறதுக்கு."

"அன்னீ பார்டர் ஊர்லே கதரா!"

எல்லாமே எல்லை ஊர்கள்தான். அந்த ஊர்களைத் தமிழர் பக்கம் சேர்க்கச் சொல்லி, மண்ணின் மேல் சத்தியம் செய்து கலாட்டா பண்ணப் போகிறவன் என்று தீர்மானித்துவிட்டார்கள். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "மண்ணுக்கு எல்லை கிடையாது சார், நிறம்தான் உண்டு" என்று வசனம் பேசினேன்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவன உள்ள போடு."

நைனா கையெடுத்துக் கும்பிட்டார். "சார், சார், அவன் கட்சிக்காரன் இல்ல சார். கொஞ்சம் மெண்டலு. சின்ன வயசுலருந்து மண்ணு துன்றவன். இப்ப ஊரு ஊரா போயி ருசி பாத்துக்கினு இருக்கான். பெத்தவன் நானு யார்கிட்ட சொல்லி அழறது?"

நிஜமாகவே அழுதார். எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"அப்படியா?" என்றார் இன்ஸ்பெக்டர். "துன்னட்டும், பாக்கலாம்."

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "துன்னுடா" என்றார்.

கைக்கு அகப்பட்டது பிச்சாட்டூர் மஞ்சள். அவ்வளவு சிரத்தையாக அரைத்திருந்தேனே, மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. இருமியதில் மூக்கு வழியாக மஞ்சள் வந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்தார், கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள், வாசலில் எட்டிப் பார்த்த எங்கள் பஸ் ஜனம் முழுவதும் சிரித்தது. "செவப்பு எப்படி இருக்குனு கேளுங்க" என்றார் ஒரு புண்ணியவான். அதையும் தின்றேன்.

மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினார்கள். எல்லாம் கலந்து ஒரே அழுக்கு நிறமாக ஓடியது.

திருப்பதி போய்ச் சேர்ந்தபோது ஓவியர் ரயிலேறிவிட்டிருந்தார். நைனா ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். "வாய கொப்புளி. உள்ள போட்டிருந்தா உங்கம்மாவுக்கு நானு என்ன பதிலு சொல்றது?" அதற்கு மேல் சாகும்வரை அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் அவரிடம் அதிகம் பேசவில்லை.

ஆனால் பஸ் ஜனம் பேசியது. எனக்குப் பார்த்த பெண் வீட்டார் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் கட்டிக்கொண்டவள் முதல் வாரம் முழுக்க என்னைத் தோட்டத்துப் பக்கம் தனியாக விடவில்லை. எல்லைத் தகராறு எப்படியோ முடிவாகி, ஊர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்ச் சேர்ந்தன. நான் கடலை மண்டியில் கணக்கெழுதப் போனேன். அதன் பிறகு தூரிகையைத் தொடவில்லை.

போன வாரம் பேரன் வாசலில் ஒரு பிடி மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். மருமகள் ஓடிவந்து விரலை விட்டுத் தோண்டியபடியே, "அப்படியே தாத்தா!" என்றாள். வீடே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். நான் படம் வரைவேன் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.