பதினோரு வாரப் பாக்கி

அன்று காலை காப்பி ஆறுவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி நான் கறாரான வீட்டுக்காரன்.

காரணம், மாடியில் குடியிருக்கும் மிரெல்லா. நாடக அரங்கில் உடை தைப்பவள். அங்கே சம்பள நாளைப் பதினைந்துக்குத் தள்ளிவிட்டார்களாம். வரும் மாதத்திலிருந்து வாடகையையும் பதினைந்தாம் தேதி தரட்டுமா என்று போன வாரம் கேட்டாள். தூக்கிவாரிப் போட்டது எனக்கு. மூன்றாம் தேதி என்றால் மூன்றாம் தேதி. இது ஸ்டுட்கார்ட். இங்கே ஒரு நிமிஷம் தாமதமானால் குப்பை வண்டிகூட வெட்கப்படும்.

வாடகை நாள் தவறினால் பதினான்கு நாளில் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் எழுதி, மனைவி ரோஸ்வித்தாவிடம் நீட்டினேன். கையெழுத்து அவள்தான் போட வேண்டும். வீடு அவள் அம்மா கொடுத்தது. தோரணை மட்டும் என்னுடையது.

சண்டைக்கு வருவாள் என்று தயாராக நின்றேன். வரவில்லை. ஆற அமரப் படித்தாள்.

"காலி பண்ணச் சொன்னா அவ எங்கங்க போவா?"

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"சரி. ஆனா வாடகைன்னு மட்டும் ஏன் எழுதணும்? எந்தக் கடமைக்கும் நாள் தவறக் கூடாதுன்னு போடுங்க. இன்னும் கறாரா இருக்கும்."

எனக்கே தோன்றாத யோசனை. போட்டேன்.

"அவ பேரையும் எடுத்துடுங்க. ‘இந்த வீட்டில் வசிக்கும் எவரும்’னு இருந்தா யாரும் குறை சொல்ல முடியாது."

எடுத்தேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என் பேச்சு எடுபட்ட பூரிப்பில், கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு, நானே ஒட்டி, மாடியில் சேர்க்கச் சொல்லி அவளிடமே கொடுத்தேன்.

சாயங்காலம் மீன்பிடி சங்கத்திலிருந்து திரும்பினால், எங்கள் கதவில் அந்த நோட்டீஸ். மேலே என் பெயர், ஓட்மார். பக்கத்தில் பெருக்கும் வாரப் பலகை. எங்கள் ஊரில் அது யார் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்கித் துடைப்பது அவர் பொறுப்பு. என் முறை வந்தாலே எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். பலகையைச் சத்தமில்லாமல் மிரெல்லாவின் கதவுக்கு மாற்றிவிடுவேன்.

ரோஸ்வித்தா வந்தாள்.

"பதினோரு வாரம் நாள் தவறியிருக்கீங்க. உங்க முறையையும் சேர்த்து அவதான் பெருக்கியிருக்கா. வாடகையில அவ தவறவே இல்ல. பதினஞ்சாம் தேதின்னு போன சனிக்கிழமையே நான் எழுதிக் கொடுத்துட்டேன்."

"நான் எங்கடி போவேன்?"

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? போய் மிரெல்லாவைக் கேளுங்க. அவ மனசு வைச்சா இருங்க."

மாடி ஏறினேன். பதினோரு வாரத்தையும் தவணை முறையில் பெருக்கித் தரலாமா என்று கேட்டேன். மிரெல்லா சிரிக்கக்கூட இல்லை.

"தாராளமா சார். அவசரமே இல்ல. பதினஞ்சாம் தேதிக்குள்ள முடிச்சாப் போதும்."

என்ன பெருந்தன்மை என்று உருகிப்போய், துடைப்பத்தை வாங்கிக்கொண்டு கீழே வந்து காலண்டரைப் பார்த்தேன். அன்றைக்குப் பதினான்கு.